நம்பி ஒப்படைத்த பிள்ளைகள்

பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டு வளர்க்கும் வழக்கம் எமது மக்களிடையே ஆசையினால் உண்டானதல்ல. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு இக்கரையோரத்தில் வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும், போர் நடந்த ஆண்டுகளில் வெவ்வேறு வேளைகளில் இங்கு ஒதுங்கிய தமிழ்க் குடும்பங்களும் வயலையும் மாட்டையும் கிணற்றையும் மட்டும் விட்டுவரவில்லை. பிள்ளை அழுதால் ஓடிவரும் அம்மம்மாவை, உம்மம்மாவை, அடுத்த வளவுக்காரரை, குளக்கட்டில் நின்று “எங்கே போகிறாய்?” என்று அதட்டும் ஊர்க் கிழவரை எல்லாம் விட்டுவந்தார்கள்.

வந்த இடத்தில் கூலி வேலை. கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும், இல்லையேல் புத்தளத்து உப்பளம். தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போனார்கள். 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பங்களிலும் பல இரண்டாகப் பிரிந்தே நிற்கின்றன. தகப்பன் முசலியில் காடாகிப்போன காணியைத் துப்புரவாக்குகிறார். பிள்ளைகள் படிப்புக்காகப் புத்தளத்தில். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கே தங்கும்? கன்னியர் மடத்து விடுதியில், மதரசாவில், ஆசிரமத்தில், சிறுவர் இல்லத்தில், “படிப்பித்து ஆளாக்கித் தருகிறேன்” என்று பொறுப்பேற்ற ஆசிரியர் வீட்டில். அவ்வாறு பொறுப்பேற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் நல்லவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் எமது பிள்ளைகளில் பலர் எழுத்தறியாமலே வளர்ந்திருப்பார்கள்.

விதையையும் பசளையையும் காணி உறுதியையும் பற்றிப் பேசுகின்ற இப்பக்கங்களில் இனி நாம் எழுதப்போவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். குடும்பத்தோடு இருந்து உரக்க வாசிக்கும் இதழில் இது வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம். நம்பி ஒப்படைத்த இடத்திலேயே பிள்ளைக்குப் பாலியல் துஷ்பிரயோகம் நேர்ந்தால், அதைச் செய்தவர் நாம் எழுந்து நின்று வணங்கும் ஒருவராக இருந்தால், அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? சொன்னால் நாம் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருப்பதுதான் குற்றவாளிக்குக் கிடைக்கும் முதல் வசதி.

எமது இனத்தவர் நன்கு அறிந்த ஒரு வழக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாத்தளையில் பிறந்து, அங்கே 1970களில் ஆசிரமம் அமைத்திருந்தவர் சுவாமி பிரேமானந்தா. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் அந்த ஆசிரமம் தாக்கப்பட்டபின், 1984இல் அவர் தம்மைச் சார்ந்தோரோடு தமிழகம் சென்றார். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே பாத்திமா நகர் என்னும் இடத்தில் பெரியதோர் ஆசிரமம் எழுந்தது. அங்கே பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் படிப்பும் கொடுக்கப்பட்டன. இலங்கையிலிருந்து போன ஆதரவற்ற பிள்ளைகள் அவர்களுள் இருந்தனர். சுவாமி வாயிலிருந்து இலிங்கம் எடுப்பார், கையிலிருந்து திருநீறு வரவழைப்பார் என்று வெளிநாடுகளிலிருந்தும் பக்தர்கள் வந்து குவிந்தார்கள். வீடு எரிந்து, கடல் கடந்து போன குடும்பங்களுக்கு, தம்மைப்போலவே எரிந்த இடத்திலிருந்து வந்த ஒரு துறவி பிள்ளையை ஏற்றுக்கொண்டார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலை நாம் ஏளனம் செய்யவில்லை. முகாமில் வாழ்ந்தவர்களுக்கு அது விளங்கும்.

1994இல் ஆசிரமத்திலிருந்து வெளியேறிய பெண்பிள்ளைகள் வாய் திறந்த பிறகே உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. சுவாமி கைது செய்யப்பட்டார். கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் கருவை ஐதராபாத் ஆய்வுகூடத்தில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது தந்தை யார் என்பது தெளிவாயிற்று. 1997 ஓகஸ்ட் மாதம் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி தீர்ப்பளித்தார். 13 பெண்பிள்ளைகளை வல்லுறவுக்கு உட்படுத்திய குற்றமும், ஆசிரமத்தில் இருந்த இளைஞர் ஒருவரைக் கொலை செய்த குற்றமும் நிரூபிக்கப்பட்டன. சுவாமிக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் 67 லட்சம் இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட அபராதமும் விதிக்கப்பட்டன. உடந்தையாயிருந்த ஆசிரமத்தவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். கொல்லப்பட்ட இளைஞர் அங்கு நடப்பதை அறிந்து எதிர்த்தவர். அவருடைய உடல் ஆசிரம நிலத்திலேயே புதைக்கப்பட்டிருந்தது. 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2005 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தன. 2011இல் அவர் கைதியாகவே இறந்தார்.

முறைப்பாட்டிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை 11 ஆண்டுகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 13 வயதில் வாய் திறந்த பிள்ளை 24 வயதில்தான் அதன் முடிவைக் கேட்டிருக்கும். இந்தியாவின் பெயர்பெற்ற சட்டத்தரணி ராம் ஜெத்மலானி எதிர்த்தரப்பில் வாதாடினார். மரபணுச் சோதனை பிழை என்று நிறுவ இங்கிலாந்திலிருந்தே ஒரு விஞ்ஞானி வரவழைக்கப்பட்டார். இத்தனைக்கும் எதிரே நின்றவர்கள் தாய் தகப்பன் இல்லாத, வேற்று நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் கடைசிவரை நின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் ஆசிரமம் மூடப்படவில்லை, பக்தர்களும் குறையவில்லை. எமது நாட்டின் உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்து ஓய்வுபெற்று, பின்னர் வட மாகாண முதலமைச்சரான சி.வி. விக்னேஸ்வரன் தாம் பிரேமானந்தாவின் பக்தர் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட மற்றவர்களை விடுவிக்கும்படி அவர் இந்தியப் பிரதமருக்கு எழுதியதும் யாவரும் அறிந்ததே. ஒருவருடைய பக்தியில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால், சட்டம் படித்து நீதிபதியாயிருந்தவருக்கே குருவைவிட்டு விலகுவது இத்தனை கடினமென்றால், ஆலங்குடாவில் கிடுகு வேலிக்குள் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு போட்டவரைச் சந்தேகிப்பது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது எமது கருத்து. பயம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பயமும் உண்டு. ஆனால் இடம்பெயர்ந்தவர் வாயைக் கட்டுவது பயத்தைவிட நன்றிக்கடன்தான். “அவர் இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்? இப்போது போய் அவர்மேல் பழி சொல்வதா?” காணியோடும் உறவோடும் வாழ்கின்ற குடும்பம் ஓர் ஆசிரியரோடு பகைத்துக்கொண்டால் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடும். கூலிக்காரர் வீட்டில் அது நடவாது. விடுதியில் இடம் போனால் படிப்புப் போகும். படிப்போடு நிவாரணத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் கையும் போகும். பிள்ளைக்கும் இது தெரியும். சின்னப் பிள்ளைதானே என்று நினைக்கிறோம். வீட்டின் கடனும் தாயின் கண்ணீரும் அதற்கு எம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அது சொல்வதில்லை. சாப்பாடு வேண்டாம் என்கிறது, விடுதிக்குத் திரும்பிப் போகும் நாளில் வயிற்றுவலி என்கிறது, படுக்கையை நனைக்கிறது. நாம் வைத்தியரிடம் கொண்டுபோகிறோம் அல்லது பேய்க்குப் பார்க்கிறோம்.

தீங்கு செய்பவர் தேடி வருவதும் இத்தகைய வீட்டையே. கேட்க ஆள் இல்லாத பிள்ளை, தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, தகப்பன் கடன்பட்ட பிள்ளை. முதலில் பேனை, புத்தகம், சைக்கிள் என்று அன்பளிப்பு வரும். வீட்டாரிடம் நல்ல பெயர் வாங்குவார். பிறகுதான் மற்றது. பின்னர் பிள்ளை சொன்னாலும் வீட்டாரே நம்பமாட்டார்கள். அதற்காகத்தான் முதலில் வீட்டாரிடம் நல்ல பெயர் வாங்கியது.

1990களில் நீர்கொழும்பு தொடங்கித் தெற்குவரை கடற்கரையோரச் சிறுவர்களை வெளிநாட்டு ஆண்கள் கெடுக்கிறார்கள் என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பினால் நல்ல சட்டங்களும் வந்தன. ஆனால் வெள்ளைக்காரன் குற்றவாளியாயிருக்கும்போது வாய் திறப்பது எவருக்கும் எளிது. அவன் எமது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவனுமல்ல, ஓதிக்கொடுத்தவனுமல்ல.

ஆசிரமத்தைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டுத் திருச்சபையைப் பற்றி மௌனம் காத்தால், எம்மை நீங்கள் நியாயமாகவே கேள்வி கேட்பீர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கொட்டியூர் என்றொரு மலைக்கிராமம். அதுவும் பயிர்செய்யும் மக்கள் வாழும் ஊர். அங்கே பங்குத்தந்தையாகவும் பங்குக்குரிய பள்ளிக்கூடத்தின் முகாமையாளராகவும் இருந்தவர் றொபின் வடக்கும்சேரி. பள்ளி மாணவியொருத்தி 2017 பெப்ரவரியில் குழந்தை பெற்றாள். பிரசவம் நடந்தது திருச்சபை சார்ந்த மருத்துவமனையில். குழந்தை கொண்டுசெல்லப்பட்டது திருச்சபை சார்ந்த இல்லத்துக்கு. யார் பொறுப்பு என்று கேட்டபோது, சிறுமியின் சொந்தத் தகப்பனே “நான்தான்” என்று பழியை ஏற்றார். குருவானவரைக் காப்பாற்ற ஒரு விவசாயத் தகப்பன் தன் மகளைக் கெடுத்தவன் என்ற பெயரைச் சுமக்க முன்வந்தான்! இதைவிடப் பாரமான காணிக்கை எந்தப் பீடத்திலும் வைக்கப்பட்டிருக்காது. தகவல் வெளியே கசிந்தபின், நாட்டைவிட்டுப் போகும் வழியில் அந்தக் குரு பிடிபட்டார். வழக்கில் பெற்றோரே சாட்சியத்தில் பின்வாங்கினார்கள். இங்கும் மரபணுச் சோதனைதான் உண்மையை நிறுவியது. 2019 பெப்ரவரியில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் கேரள உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. 2020இல் திருச்சபை அவரைக் குருத்துவப் பணியிலிருந்து முற்றாக நீக்கியது. மூடிமறைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவர்களை நீதிமன்றங்கள் விடுவித்தன. அதையும் சொல்லுவதே நேர்மை. என்றாலும் கிராமம், மருத்துவமனை, இல்லம் என்று ஒரு சிறுமி போன வழியெல்லாம் திருச்சபையின் கட்டடங்கள் இருந்தும், அவள் செய்தி பொலிசாருக்குப் போய்ச் சேர நாட்கள் பிடித்தன.

2002இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் வெளியானதும் இதே கதைதான். அங்கே குற்றம் புரிந்த குருமாரை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றினார்கள். புதிய பங்கு மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் கர்தினால் பேணாட் லோ பதவி துறக்க நேர்ந்தது. இடமாற்றம் என்பது நிருவாகச் சொல். எமது வாசகர்களுக்கு இடம்பெயர்தல் என்றால் என்னவென்று தெரியும். அங்கே குற்றம் செய்தவருக்குப் புதிய வீடும் புதிய பணியாளரும் கிடைத்தார்கள். சொன்ன பிள்ளைதான் ஊரில் இருக்கமுடியாமல் இடம்பெயர்ந்தது.

பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் கொண்டுவந்த விதிகள் இன்று திருச்சபையில் நடைமுறையில் உள்ளன. இத்தகைய குற்றத்தை அறிந்த குருவும் துறவியும் மேலிடத்துக்கு அறிவிக்கக் கட்டுப்பட்டவர்கள். அந்தந்த நாட்டுச் சட்டப்படி செய்யவேண்டிய கடமையை இது நீக்காது. அவ்வாண்டு டிசெம்பரில் இவ்வழக்குகளுக்கு இருந்த பாப்பிறை இரகசியக் காப்பும் எடுக்கப்பட்டது. நல்லதே. ஆனால் விதி தாளில் இருந்தால் போதாது. தன் பணியாளர்மேல் வரும் குற்றச்சாட்டைத் தானே விசாரித்துத் தானே முடிவு சொல்லும் நிறுவனம் எதுவாயிருந்தாலும், கோயிலோ பள்ளிவாசலோ ஆசிரமமோ பாடசாலையோ அரசசார்பற்ற நிறுவனமோ, அதன் முதல் கவலை தன் பெயராகவே இருக்கும். மனிதர் கெட்டவர் என்பதால் அல்ல. வெளிநாட்டு உதவி நின்றுவிடும், மற்றப் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்று உண்மையாகவே அஞ்சுவார்கள். ஆகவே எமது வாசகர்களுக்கு நாம் சொல்வது இது: முதலில் எம்மிடம் வராதீர்கள். பொலிசிடமும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் போங்கள். பிறகு எம்மிடம் வாருங்கள். ஆறுதலுக்கும், வழித்துணைக்கும், நீதிமன்றத்துக்குப் போகும் செலவுக்கும். முறைப்பாட்டைப் பெற்றுத் தன் மேசை இழுப்பறையில் வைக்கும் அதிகாரம் எந்தக் குருவுக்கும் இல்லை.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு சொல். பாவசங்கீர்த்தன முத்திரையைச் சிலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். அம்முத்திரை பாவம் செய்தவர் தம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு உரியது. பிள்ளைக்கு நேர்ந்த தீங்கு பிள்ளையின் பாவமல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே, மறைக்கல்வி வகுப்பிலோ வழியிலோ குருவிடம் சொன்னதற்கு எந்த முத்திரையும் கிடையாது. உள்ளேயே சொல்லிவிட்டாலும், “மகளே, இதில் உன் பாவம் ஒன்றுமில்லை. வெளியே வந்து மறுபடி சொல், நான் கூட வருகிறேன்” என்று சொல்வதே குருவின் கடமை. சிறியவருக்கு இடறலாயிருப்பவனையும் எந்திரக்கல்லையும் பற்றி இயேசு சொன்னதை வாசித்துவிட்டு இரகசியம் பேசுவது எப்படிப் பொருந்தும்?

எமது கிராமங்களில் இன்னொரு வழியும் உண்டு: பெரியவர்கள் கூடி முடிப்பது. பங்குச் சபையோ பள்ளிவாசல் நிருவாகமோ மீனவர் சங்கமோ இருபகுதியையும் அழைக்கும். தேநீர் வரும். ஒரு தொகைப் பணம் பேசப்படும். ஆள் ஊரைவிட்டுப் போவார் அல்லது, எல்லாவற்றிலும் கொடியது, கெடுத்தவனுக்கே பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதென்று முடிவாகும். வரப்புத் தகராற்றையும் மாடு பயிர் மேய்ந்ததையும் இப்படித் தீர்க்கலாம். நாமே அவ்வாறு தீர்க்கும்படி சொல்லிவருகிறோம். பிள்ளைமேல் செய்த குற்றம் வரப்புத் தகராறு அல்ல. அது அரசுக்கு எதிரான குற்றம். அதைச் சமாதானமாக்கப் பெற்றோருக்கும் உரிமையில்லை, இணக்க சபைக்கும் அதிகாரமில்லை. பணம் வாங்கிக் கொடுத்தவர்கள் ஒரு பிள்ளையின் வழக்கை முடித்துவைக்கவில்லை. அடுத்த ஊரில் இன்னொரு பிள்ளைக்கு வழி திறந்துவிட்டார்கள்.

எமது நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் மென்மையானதல்ல. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை “சம்மதித்தாள்” என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறுவர் இல்லத்தையோ பெண்கள் இல்லத்தையோ நடத்துபவர், அங்கு பணிபுரிபவர், தம் நிலையைப் பயன்படுத்தி அங்குள்ளவரை வல்லுறவுக்கு உட்படுத்தினால் 10 முதல் 20 ஆண்டுவரை சிறை என்று அச்சட்டம் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. சட்டமியற்றியவர்களுக்கும் இது நடப்பது தெரிந்தேயிருந்தது. ஆண்பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமையும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற பிரிவில் அடங்கும். “ஆம்பிளைப் பிள்ளைதானே, போகட்டும்” என்பவர்கள் இதை அறியவேண்டும். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் காசில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசலாம். 1999இன் சாட்சியச் சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் ஏற்கவும் வழியுண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவது உண்மை. அதைச் சொல்லாமல் உங்களை நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஏமாற்று.

பிள்ளை சொன்ன அன்றைக்குச் செய்யவேண்டியது அதிகமில்லை. அடிக்காதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காதீர்கள். அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வழக்குக்கு உயிர். குற்றம் செய்தவரிடம் போய் “இது உண்மையா?” என்று கேட்கவேண்டாம். சத்தியம் பண்ணுவார்.

இனி, தை மாதத்தில் பிள்ளையை விடுதிக்குக் கொண்டுபோகும்போது கேட்கவேண்டியவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். இந்த இல்லம் நன்னடத்தைத் திணைக்களத்தில் பதியப்பட்டதா? இரவில் பிள்ளைகளோடு தங்குபவர் யார், தனியாகவா? பெரியவர் அறைக்குப் பிள்ளை தனியே அழைக்கப்படுவதுண்டா? நாங்கள் சொல்லாமல் ஒருநாள் வந்தால் பிள்ளையைப் பார்க்க விடுவீர்களா? பிள்ளை எங்களோடு தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்பாரா? நல்ல இல்லத்தார் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்கள். அவர்களில் சிலர், இவ்வளவு காலமும் ஒருவரும் கேட்கவில்லையே என்று சொல்லவும் கூடும். கோபித்து, “எங்களையா சந்தேகிக்கிறீர்கள்?” என்று கேட்கும் இடமானால், பெட்டியை இறக்காமல் அதே பஸ்ஸில் பிள்ளையோடு திரும்பிவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியை எமது நிலையத்தில் வந்திருந்து பேசிப் பார்ப்போம்.